எறும்பை விரட்ட அவசரம் ஆகாது

சமையல் மேடையில் எறும்பு வரிசை கட்டினால் கை முதலில் ஈரத்துணிக்குப் போகும். அதில் அடங்காவிட்டால் எறும்பு சாக்பீஸ், அதற்கும் மசியாவிட்டால் ஸ்ப்ரே. அடித்த சில நிமிடங்களில் மேடை சுத்தமாகிவிடும். நாலு நாள் போனால் அதே மேடையில் மறுபடியும் வரிசை. சில வீடுகளில் குளியலறை, பூஜை அறை, சுவிட்ச் போர்டு என்று புதிய இடங்களிலும் ஊரத் தொடங்கியிருக்கும். மருந்து சரியில்லை என்று முடிவு கட்டி, இன்னும் காரமானதைத் தேடிக் கடைக்குப் போகிறோம். ஆனால் பிரச்சினை மருந்தின் காரத்தில் இல்லை. நாம் கொன்றது எதை, கொல்லாமல் விட்டது எதை என்பதில்தான் இருக்கிறது.

ஓர் எறும்புக் கூட்டில் வெளியே இரை தேடி வருபவை வேலைக்கார எறும்புகளில் ஒரு சிறு பங்குதான். அவையும் பெரும்பாலும் வயதானவை. இளம் எறும்புகள் கூட்டுக்குள் இருந்து ராணியையும் குஞ்சுகளையும் கவனித்துக்கொள்ளும். வயது ஏற ஏற வாசல் பக்கம் நகர்ந்து, கடைசிக் காலத்தில் வெளி வேலைக்குக் கிளம்பும். வெளியே போனால் திரும்புவது நிச்சயமில்லை என்பதால், எப்படியும் ஆயுள் முடியப்போகிறவற்றை அனுப்புவது கூட்டுக்கு லாபம். நம் ஸ்ப்ரே கொல்வது இந்தக் கிழ எறும்புகளைத்தான். முட்டையிடும் ராணியும், வளரும் குஞ்சுகளும், அடுத்து வெளியே வரக் காத்திருக்கும் கூட்டமும் சுவர் விரிசலுக்குள் பத்திரமாக இருக்கின்றன.

வந்திருப்பது எந்த எறும்பு?

எல்லா எறும்பும் ஒன்றல்ல. விரட்டும் வழியும் ஒன்றல்ல. கொஞ்சம் குனிந்து பார்த்தால் போதும், அடையாளம் தெரிந்துவிடும்.

தலையும் மார்பும் கறுத்து, வயிறும் கால்களும் கண்ணாடிபோல் வெளிறி, ஒன்றரை மில்லிமீட்டர் அளவே இருக்கும் எறும்பு நம் சமையலறைகளின் நிரந்தர விருந்தாளி. வெளிர் நிறத் தரையில் அது ஓடினால் ஒரு கறுப்புப் புள்ளி மட்டும் நகர்வதுபோல் தெரியும். விரலால் நசுக்கினால் கெட்டுப்போன தேங்காயின் வாடை அடிக்கும். டாபினோமா மெலனோசெஃபாலம் என்பது இதன் அறிவியல் பெயர். இனிப்பும் ஈரமும் இருக்கும் இடம் இதற்குப் பிடிக்கும். சுவர் விரிசல், டைல்ஸ் இடுக்கு, பூந்தொட்டி, மின்கம்பி போகும் குழாய் என்று எங்கும் குடியேறும். ஒரே கூட்டில் பல ராணிகள் இருக்கும்.

மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறத்தில், சுமார் 2 மில்லிமீட்டர் நீளத்தில் இருப்பது ஃபாரோ எறும்பு. இதற்கும் ராணிகள் பல. இனிப்போடு எண்ணெய், இறைச்சி, செத்த கரப்பான் பூச்சி எல்லாம் இதற்கு உணவு. மருத்துவமனைகளில் இது பெரும் தொல்லை. நோய்க்கிருமிகளை உடலில் சுமந்து திரிகிறது என்று 1972-இல் 'லான்செட்' மருத்துவ இதழிலேயே கட்டுரை வந்தது.

நீண்ட கால்களோடு, ஒரு நேர்கோட்டில் போகாமல் தறிகெட்டு ஓடும் கறுப்பு எறும்பு கடிக்காது. பிள்ளையார் எறும்பு, சாமி எறும்பு என்று ஊருக்கு ஒரு பெயரில் விட்டுவிடுகிறோம். கொட்டினால் நெருப்புப் பட்டதுபோல் எரியும் செவ்வெறும்பு பெரும்பாலும் வெளியே மண்ணில் புற்று வைத்து, எண்ணெய்ப் பண்டத்துக்கும் தானியத்துக்கும் வீட்டுக்குள் வரும். பெரிய கட்டெறும்பு மண்ணிலும் மரத்தடியிலும் வாழ்வது. வீட்டுக்குள் ஒன்றிரண்டு தென்பட்டால் கூட்டித் தள்ளினால் போதும், மருந்தே தேவையில்லை.

இவற்றில் நம்மைப் பாடாய்ப் படுத்துபவை முதல் இரண்டும்தான். அதற்குக் காரணம் அவற்றின் பல ராணிகள். அதைச் சொல்வதற்கு முன் வரிசை எப்படி உருவாகிறது என்று பார்த்துவிடலாம்.

மணத்தால் போட்ட பாதை

சர்க்கரையைக் கண்ட முதல் எறும்பு கூட்டுக்குத் திரும்பும்போது வயிற்றின் நுனியைத் தரையில் தொட்டுத் தொட்டு ஒரு வேதிப்பொருளைப் பூசிக்கொண்டே போகிறது. ஓர் உயிரினம் தன் இனத்துக்குச் செய்தி சொல்ல வெளியிடும் இத்தகைய பொருளுக்கு 1959-இல் கார்ல்சன், லூஷர் என்ற இருவர் 'ஃபெரோமோன்' என்று பெயர் வைத்தார்கள். அதே காலத்தில் அமெரிக்காவின் ஹார்வர்டில் எட்வர்ட் ஓ. வில்சன் இது எறும்பின் எந்த உறுப்பிலிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டிருந்தார். நெருப்பெறும்பின் வயிற்றைத் திறந்து, குடல், நச்சுப்பை, அதன் பக்கத்தில் இருக்கும் தூஃபூர் சுரப்பி என்று ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணாடித் தகட்டில் கோடாகத் தேய்த்துப் பார்த்தார். மற்றவற்றுக்கு எறும்புகள் அசையவில்லை. ஓர் எறும்பின் தூஃபூர் சுரப்பியைத் தேய்த்ததும் கூட்டிலிருந்து டஜன் கணக்கில் கிளம்பி வந்து, அந்தக் கோட்டின் மேலேயே ஓடி, கோடு முடிந்த இடத்தில் திகைத்துச் சுற்றின. உணவு எதுவுமே அங்கே இல்லை. மணம் மட்டும்தான் இருந்தது.

இந்த மணம் சீக்கிரம் ஆவியாகிவிடும். வில்சன் ஆராய்ந்த நெருப்பெறும்பில் ஓர் எறும்பு இட்ட தடம் இரண்டு நிமிடம்கூடத் தாங்குவதில்லை. பின்னால் வருபவை உணவைக் கண்டு, திரும்பும்போது மேலும் பூசினால்தான் பாதை நிலைக்கும். உணவு தீர்ந்தால் பூசுவது நிற்கும், பாதையும் மறையும். ஃபாரோ எறும்பு இன்னும் ஒரு படி மேலே போகிறது. பாதை பிரியும் இடத்தில், பயனற்ற கிளையின் தொடக்கத்தில், 'இந்தப் பக்கம் போகாதே' என்று எச்சரிக்கும் தனி மணத்தை அது இடுகிறது என்று 2005-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள்.

நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன், பிரின்ஸ்டனில் மாணவராக இருந்த நாளில், தன் உணவு அலமாரிக்கு வந்த எறும்புகளைக் கொல்லாமலேயே திருப்பிவிட்டார். எறும்புகள் அறைக்குள் நுழையும் இடத்துக்கு அருகே சர்க்கரை வைத்தார். அலமாரிப் பக்கம் அலையும் எறும்புகளைக் காகிதத் துண்டில் ஏற்றி, தூக்கிக் கொண்டுபோய்ச் சர்க்கரை அருகே இறக்கிவிட்டார். அங்கிருந்து வீடு திரும்பிய எறும்புகள் புதிய பாதையைப் பூசின. அலமாரிக்குப் போகும் பழைய பாதையைப் பூச ஆளில்லாமல் அது மங்கிப்போனது.

நமக்கு இதில் இரண்டு பாடங்கள். வரிசையை வெறும் துணியால் துடைத்தால் எறும்புதான் போகும், மணம் மிச்சம் இருக்கும். பாத்திரம் தேய்க்கும் சோப்பு கலந்த தண்ணீரால் துடைத்தால் மணமும் சேர்ந்து போகும். இரண்டாவது பாடம் பெரிது. எறும்பு தன் பாதையில் எதைச் சுமந்து போனாலும் அது கூட்டுக்குப் போய்ச் சேரும். இந்தப் பாதையை நாமும் பயன்படுத்தலாம்.

அடித்தால் பிரியும் குடும்பம்

கடையில் வாங்கும் ஸ்ப்ரேயிலும் சாக்பீஸிலும் பெரும்பாலும் இருப்பது பைரித்ராய்டு வகை நஞ்சு. நரம்பைத் தாக்கும், பட்ட எறும்பு சில நிமிடங்களில் சுருண்டுவிடும். கூட்டுக்குப் போய்ச் சேர அதற்கு நேரமே இருக்காது. பின்னால் வருபவை அந்த இடத்தைத் தவிர்த்து வேறு வழி பார்க்கும். மஞ்சள் தூள், கிராம்பு, மண்ணெண்ணெய்த் துணி எல்லாமே இந்த வகைத் தடுப்புகள்தான். கொஞ்ச நேரம் வழி மறிக்கும், கூட்டைத் தொடாது.

பல ராணிகள் உள்ள இனங்களில் இதைவிட மோசமான ஒன்று நடக்கும். கூட்டுக்கு ஆபத்து என்று பட்டால் சில ராணிகளும் ஒரு கூட்டம் வேலைக்கார எறும்புகளும் குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு தனிக்குடித்தனம் போய்விடும். ஃபாரோ எறும்புக்கு ராணிகூடக் கட்டாயமில்லை. போகிற கூட்டத்தில் வேலைக்கார எறும்புகளும் குஞ்சுகளும் இருந்தாலே, அந்தக் குஞ்சுகளிலிருந்து புதிய ராணியை வளர்த்துக்கொள்ளும். ஒரு கூடு இரண்டாகும், மூன்றாகும். சமையலறையில் அடித்த வீட்டில் படுக்கையறையிலும் எறும்பு வரும் காரணம் இதுதான். ஃபாரோ எறும்பு உள்ள கட்டடத்தில் ஸ்ப்ரே அடிக்கவே கூடாது என்று பூச்சிக் கட்டுப்பாட்டுத் துறையினர் வலியுறுத்துவதும் இதனால்தான்.

உடல்நலக் கேடும் சேர்கிறது. நம் தாத்தா பாட்டி காலத்தில் மூலைக்கு மூலை தூவிய கேமக்ஸின் பொடி, பி.எச்.சி. என்ற குளோரின் நஞ்சு. மண்ணிலும் உடல் கொழுப்பிலும் ஆண்டுக்கணக்கில் தங்கக்கூடியது. இந்தியாவில் அது 1997-இல் தடை செய்யப்பட்டது. இன்றைய பைரித்ராய்டுகள் அவ்வளவு கொடியவை இல்லை என்றாலும் மீன்களுக்குக் கடும் நஞ்சு, பூனைகளின் உடலுக்கு அவற்றைச் செரித்து வெளியேற்றும் திறன் குறைவு. எறும்பு சாக்பீஸ் பார்க்க எழுதும் சாக்பீஸ் போலவே இருப்பதால் குழந்தைகள் உள்ள வீட்டில் அது நுழையவே கூடாது.

எல்லாருக்கும் பொதுவான வயிறு

வெளிறிய எறும்பு உள்ள வீட்டில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். சர்க்கரைத் தண்ணீரில் கேசரிப் பவுடரைக் கலந்து ஒரு சொட்டு வைத்தால் எறும்புகள் வட்டமாக நின்று குடிக்கும். குடிக்கக் குடிக்க வயிறு உப்பி, அதன் கண்ணாடித் தோலுக்குள் நிறம் தெரியத் தொடங்கும். சிவப்பு, பச்சை, நீலம் என்று பல நிறச் சொட்டுகளை வைத்து மைசூரில் எடுக்கப்பட்ட படங்கள் 2011-இல் உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தன. பச்சையும் மஞ்சளும் சேர்ந்த வயிறுகள்கூட அவற்றில் இருந்தன.

நிறம் தெரியும் அந்தப் பை எறும்பின் சொந்த இரைப்பை இல்லை. அதற்கு முன்னால் இருக்கும் இன்னொரு பை. ஆராய்ச்சியாளர்கள் அதைச் 'சமூக வயிறு' என்கிறார்கள். எறும்பு தனக்கென எடுத்துக்கொள்ளும் துளி மட்டும் ஒரு சிறு வால்வைக் கடந்து உள்ளே போகும், மீதியெல்லாம் மற்றவர்களுக்கு. கூட்டுக்குத் திரும்பியதும் எதிர்ப்படும் எறும்பு உணர்கொம்பால் தட்டிக் கேட்கும். இது தாடையை விரித்து ஒரு துளியை வெளியே கொண்டுவரும். அது உறிஞ்சி, அடுத்ததற்குக் கொடுக்கும். இப்படி வாய்க்கு வாய் கைமாறி, ஒரு நாள் முடிவதற்குள் கூட்டின் பெரும்பகுதிக்கு அந்தச் சர்க்கரை போய்விடும். வாசலைத் தாண்டி ஒருநாளும் வெளியே வராத ராணிக்கும் போகும்.

இன்னொரு உண்மையும் உண்டு. வளர்ந்த எறும்பால் திட உணவை விழுங்க முடியாது. வாய்க்குள் இருக்கும் ஒரு வடிகட்டி துகள்களைத் தடுத்துவிடும். பூச்சித் துண்டையோ முட்டைத் துணுக்கையோ அது இழுத்துப் போவது குஞ்சுகளுக்காக. மழைக்கு முன் வெள்ளையாக எதையோ கவ்விக்கொண்டு எறும்புகள் மேடேறும்போது 'முட்டை தூக்குகிறது' என்கிறோமே, அவற்றில் பெரும்பாலானவை இந்தக் குஞ்சுகளும் கூட்டுப்புழுக்களும்தான். ஆகவே பெரியவைக்கு வேண்டியது இனிப்பு நீர், வளரும் குஞ்சுகளுக்கு வேண்டியது புரதம். கூட்டில் குஞ்சுகள் பெருகும் காலத்தில் சர்க்கரையைச் சீண்டாத எறும்பு கருவாட்டுத் துண்டை மொய்ப்பது இதனால்தான்.

மெல்லக் கொல்லும் நஞ்சு

இந்தப் பகிர்வையே எறும்புக்கு எதிராகத் திருப்பலாம் என்பதை அமெரிக்கா பெரும் விலை கொடுத்துக் கற்றது. தென் அமெரிக்காவிலிருந்து கப்பல் வழியே அலபாமா மாநிலத்தின் மொபைல் துறைமுகத்துக்கு வந்த சிவப்பு நெருப்பெறும்பு அங்கிருந்து தென் மாநிலங்களுக்குப் பரவியது. 1957-இல் அரசு ஒழிப்புத் திட்டம் தொடங்கி, ஹெப்டாகுளோர், டையெல்ட்ரின் என்ற கொடிய நஞ்சுகளை விமானத்திலிருந்து தூவியது. பறவைகளும் விலங்குகளும் மடிந்தன. ரேச்சல் கார்சன் 1962-இல் வெளியிட்ட 'மௌன வசந்தம்' நூலில் இந்தத் திட்டத்தைக் கடுமையாகச் சாடினார். நெருப்பெறும்பு ஒழியவில்லை. அதோடு போட்டியிட்டுக் கட்டுக்குள் வைத்திருந்த உள்ளூர் எறும்புகளும் சேர்ந்து செத்ததால், காலியான இடத்தில் நெருப்பெறும்பு இன்னும் வேகமாகக் குடியேறியது.

பிறகுதான் இரை வைக்கும் வழிக்கு வந்தார்கள். 1964-இல் ஸ்டிரிங்கர், லாஃப்கிரன், பார்ட்லெட் என்ற மூன்று ஆய்வாளர்கள் நல்ல எறும்பு நஞ்சுக்கு இலக்கணம் வகுத்தார்கள். முதல் 24 மணி நேரத்தில் 15 சதவீத எறும்புகளுக்கு மேல் சாகக் கூடாது; சோதனை முடியும்போது 89 சதவீதத்துக்கு மேல் செத்திருக்க வேண்டும். எறும்புக்கு அதன் வாடை பிடிக்காமல் போகக் கூடாது. வாய்க்கு வாய் மாறி நீர்த்துப் போனாலும் வேலை செய்ய வேண்டும். அன்று அந்த இலக்கணத்துக்குப் பொருந்திய மைரெக்ஸ் என்ற வேதிப்பொருள் சுற்றுச்சூழலில் அழியாமல் தங்கியதால் 1970-களின் இறுதியில் கைவிடப்பட்டது. இலக்கணம் மட்டும் நிலைத்துவிட்டது. இன்று உலகெங்கும் விற்கும் எறும்பு இரைகள் அதன்படிதான் தயாராகின்றன. நல்ல நஞ்சின் முதல் தகுதி உடனே கொல்லாதிருப்பது.

வீட்டில் செய்யும் முறை

அந்தத் தகுதி உள்ள ஒரு பொருள் நம் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கிறது. மருந்துக் கடையில் கிடைக்கும் போரிக் பவுடர், அதாவது கேரம் போர்டில் தூவுவார்களே, அது. எறும்பின் குடலின் உட்சுவரை இது மெல்லச் சிதைக்கும்.

100 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் 10 கிராம் சர்க்கரை, 1 கிராம் போரிக் பவுடர். தேக்கரண்டிக் கணக்கில் சர்க்கரை தலைதட்டி இரண்டரை, போரிக் பவுடர் தலைதட்டிக் கால். நன்றாகக் கரையும்வரை கலக்க வேண்டும். போரிக் அளவு ஒரு சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதிகம் போட்டால் நன்றாக வேலை செய்யும் என்று நினைப்பது இயல்பு; நடப்பது நேர் எதிர். எறும்பு சுவைத்துப் பார்த்து ஒதுக்கிவிடும், அல்லது கூட்டுக்குப் போகும் முன்பே செத்துவிடும்.

பஞ்சை இதில் நனைத்து, பாட்டில் மூடியில் வைத்து, வரிசையின் ஓரத்தில் வைக்க வேண்டும். குழந்தையோ நாயோ பூனையோ உள்ள வீட்டில், ஓரத்தில் ஊசித்துளை போட்ட மூடியுள்ள டப்பாவுக்குள் பஞ்சை வைத்து, கைக்கு எட்டாத இடத்தில் வைப்பது அவசியம். போரிக் பவுடர் மனிதருக்கும் நஞ்சுதான். மிச்சத்தைச் சமையல் பாத்திரத்திலோ குடிநீர் பாட்டிலிலோ ஊற்றி வைக்கவே கூடாது. பாட்டிலில் பெரிய எழுத்தில் 'விஷம்' என்று எழுதி ஒட்ட வேண்டும்.

எறும்பு இனிப்பைச் சீண்டவில்லை என்றால், ஒரு அட்டையில் ஒரு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீர், ஒரு சொட்டு எண்ணெய், வேகவைத்த முட்டை மஞ்சள் கருவில் ஒரு துணுக்கு என்று மூன்றும் வைத்து ஒரு மணி நேரம் விட்டுப் பார்த்தால் கூட்டின் அன்றைய தேவை தெரிந்துவிடும். எண்ணெயை நாடும் செவ்வெறும்புக்கு இந்தச் சர்க்கரை நீர் ஆகாது. எண்ணெயில் ஊறிய, அதற்கென விற்கும் இரைதான் சரி.

வைத்த முதல் நாள் எறும்பு குறையாது. பலமடங்கு பெருகும். மூடியைச் சுற்றி மொய்த்து, வரிசை தடித்து ஓடும். பார்க்கிற எவருக்கும் கை துறுதுறுக்கும். அந்த நேரத்தில் ஸ்ப்ரே எடுத்தால் எல்லாம் பாழ். மொய்க்கும் ஒவ்வொன்றும் கூட்டுக்கு நஞ்சு சுமக்கும் ஆள். பாதையைத் துடைக்கக் கூடாது, மூடியை இடம் மாற்றக் கூடாது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பஞ்சையும் கரைசலையும் மட்டும் புதிதாக்க வேண்டும். புளித்துப்போன தண்ணீரை எறும்பு தொடாது. சில நாளில் வரிசை மெலியும். பல ராணிகள் உள்ள கூடு முழுதும் ஒடுங்கச் சில வாரங்கள் ஆகலாம். வரிசை நின்ற பிறகும் ஒரு வாரம் இரையை எடுக்காமல் வைத்திருப்பது நல்லது. உள்ளே இருந்த குஞ்சுகள் வளர்ந்து வெளியே வந்தால் அவற்றுக்கும் அது வேண்டும்.

இந்த நாட்களில் வேறு தீனி எதுவும் கிடைக்கக் கூடாது. வெல்ல டப்பாவின் வெளிப்பக்கப் பிசுபிசுப்பு, அடுப்படியில் சிந்திய பால், பூஜை அறையில் இரவு முழுக்க இருக்கும் நைவேத்தியம், திறந்த குப்பைக்கூடை, அலமாரிக்குப் பின்னால் செத்துக் கிடக்கும் கரப்பான் எல்லாமே இரைக்குப் போட்டி. இனிப்புப் பாத்திரத்தைத் தண்ணீர்த் தட்டில் வைக்கும் பழைய வழக்கம் அருமையானது. தண்ணீரின் மேல் தூசிப் படலம் படிந்தால் எறும்பு அதில் நடந்து போய்விடும் என்பதால், தினமும் தண்ணீரை மாற்றி ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு விட வேண்டும். சோப்பு நீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் எறும்பால் மிதக்க முடியாது.

மூல காரணம் வெளியே

கூடு ஒழிந்த பிறகுதான் ஓட்டையை அடைக்க வேண்டும். முதலிலேயே அடைத்தால் எறும்பு வேறு வழி தேடும், இரை வைத்த பாதை வீணாகும். சிங்க் குழாய் சுவருக்குள் போகும் இடம், கிரானைட் மேடைக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடுக்கு, ஜன்னல் சட்டத்தின் ஓரம், டைல்ஸ் உதிர்ந்த மூலை எல்லாவற்றையும் வெள்ளை சிமென்ட்டோ சிலிகானோ வைத்துப் பூசலாம். கசியும் குழாயைச் சரிசெய்வது அதைவிட முக்கியம். கோடையில் எறும்பு வீட்டுக்குள் வருவது தண்ணீருக்காகத்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் வருவதோ மண்ணில் உள்ள கூடு நனைவதால்.

மாடித் தோட்டம் வைத்திருப்பவர்கள் செம்பருத்தியின் இளந்தண்டைப் பார்க்க வேண்டும். வெள்ளைப் பஞ்சாக ஒட்டியிருக்கும் மாவுப்பூச்சி, செடியின் சாற்றை உறிஞ்சி இனிப்புத் திரவத்தைக் கழிக்கிறது. எறும்புக்கு வற்றாத சர்க்கரை அது. அதற்காகவே மாவுப்பூச்சியைத் தின்ன வரும் பொறிவண்டுகளை எறும்பு விரட்டியடிக்கும். சோப்புத் தண்ணீரால் தண்டைக் கழுவி மாவுப்பூச்சியை ஒழிக்காதவரை, ஜன்னல் வழியே உள்ளே வரும் வரிசையும் ஓயாது.

வீட்டுக்கு வெளியே எறும்புகளை ஒழிக்கப் போகக் கூடாது என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். அவை மண்ணைக் கிளறிக் காற்றோட்டம் தருகின்றன, செத்த பூச்சிகளை அகற்றுகின்றன, கரையானை வேட்டையாடுகின்றன. தோட்டம் முழுக்க நஞ்சைத் தூவினால் நல்ல எறும்பு போகும். காலியான இடத்தைத் தொல்லை தரும் எறும்பு பிடிக்கும். அலபாமாவில் நடந்தது நம் கொல்லைப்புறத்திலும் நடக்கும். நம் உரிமை வாசற்படியோடு முடிகிறது. அதற்கு உள்ளே வருவதை நிறுத்த ஒரு பஞ்சு, ஒரு சிட்டிகைப் போரிக் பவுடர், சில வாரப் பொறுமை போதும்.